நேற்று நட்ட கம்பு

எங்கள் கரையில் முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். முதலில் குழியின் அடி ஈரமாகும். பிறகு ஓரத்து மணல் சரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் தோண்டிய இடமும் தோண்டாத இடமும் ஒன்றுபோலக் கிடக்கும். மேலே மணல், கீழே ஏரியின் கறுப்புச் சேறு, அவ்வளவுதான் எங்கள் பூமி. அதன் மேல்தான் நான் வீடு கட்டினேன். நான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. செங்கல்லும் ஜல்லியும் என் தலையில்தான் ஏறி வந்தன.

பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் முதல் நாள் இடுப்பளவு அஸ்திவாரம் வேண்டும் என்றார். மறுநாள் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழித் தண்ணீரில் நின்றவர், "இதுக்கு மேல தோண்டுனா அஸ்திவாரத்துல நான்தாம்மா கிடப்பேன்" என்றார். முழங்கால் ஆழத்திலேயே கல்லைப் பரப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "பத்தாது" என்றார்.

"பத்தாதுன்னா ஏரிய கொஞ்சம் தள்ளிப் போவச் சொல்லுப்பா" என்றார் கொத்தனார். எல்லோரும் சிரித்தோம். அப்போது ஏரி தூரத்தில்தான் இருந்தது. நடுவில் ஒரு வீடும், அதற்குப் பின்னால் ஒரு பூவரச மரமும் இருந்தன.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த வலை கிடையாது. வலைக்காரர்களுக்கு ஏரியில் கம்பு நட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. கடல் ஏறி இறங்கும் நீரோட்டத்துக்குக் குறுக்கே வரிசையாகச் சவுக்குக் கம்புகளை நட்டு அதில் வலையைக் கட்டுவார்கள். சுத்தியல் எதுவும் வேண்டாம். கம்பைக் கட்டிப்பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார். கம்பைச் சுற்றிச் சேறு கூழாகும். கம்பு தானாக இறங்கும். நெஞ்சளவு இறங்கிய பிறகு விட்டுவிட்டு வந்துவிடுவார். அன்றைக்கே வலையைக் கட்ட விடமாட்டார். வலைக்காரர்கள் அவசரப்பட்டால், "நீ கலக்கி வுட்ட சேறு திரும்பி ஒறங்கணும். அது ஒறங்குனாத்தான் கம்பப் புடிக்கும்" என்பார். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே கம்பை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் வராது.

நான் இறால் தடவுகிறவள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் போவேன். எந்த இடத்துச் சேறு கை வைத்தால் விழுங்கும், எந்த இடத்தில் அரை முழத்துக்குக் கீழே சட்டி போல இறுகிக் கிடக்கும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். எழுத்தை நான் கூட்டித்தான் படிப்பேன். சேற்றைக் கூட்ட வேண்டியதில்லை.

அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு கட்டில்தான். ஏரியைப் பார்த்த பின்வாசலுக்கு நேரே கட்டிலைப் போட்டு வைத்தேன். அவர் படுத்துக்கொண்டு பார்க்கப் பார்க்க ஏரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம். பூவரசு போனது. பின்னால் இருந்த வீடு போனது. எங்கள் பின்சுவரிலிருந்து பறி கழுவிய தண்ணீரை வீசினால் ஏரியில் விழும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

பின்வீட்டுக்காரிக்குச் சர்க்காரில் வயல்களைத் தாண்டி உள்ளே ஒரு மனை கொடுத்தார்கள். இந்தக் கரையில் விழுந்த வீட்டைத் திரும்ப எழுப்பக் கூடாதாம். அவளுக்கு அங்கே நல்ல தளம் போட்ட வீடு, குழாயில் தண்ணீர். குறை சொல்ல முடியாது. ஆனால் ஏரிதான் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கரைக்கு வருவாள். "எறா தடவ டிக்கெட் எடுத்துக்கினு வர்ற மவராணிய எங்கனா பாத்திருக்கியாக்கா" என்று சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்குவாள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். அப்புறம் வரவில்லை. யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் நான் ஒரு நாளும் ஒருவர் வீட்டு வாசலில் போய் வேலை இருக்கிறதா என்று நின்றவள் இல்லை. இந்த வயதில் நிற்க என்னால் ஆகாது. என் வீடு விழக் கூடாது. எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

புயல் வருகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போன காலையில் வீட்டில் நான், அவர், என் மகள் மூன்று பேரும் இருந்தோம். மகள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருக்கிறவள். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. சத்தத்தைக் கேட்டதும் அவள் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"கூரையக் கட்டாம நான் வரமாட்டேன்" என்றார் அவர்.

"நைனா, நீ இன்னா கட்டப் போற, படுத்துக்கினே?"

"நான் சொல்றேன். நீங்க கட்டுங்க."

எங்கள் கூரை தகரம். போன புயலில் பக்கத்து வீட்டுத் தகரத்தையும் முளையடித்துத்தான் கட்டியிருந்தார்கள். முளைகள் முழங்கை ஆழம் இருக்கும். காற்று கூரையைத் தூக்கியபோது முளை மட்டும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. சுற்றியிருந்த மண்ணும் வாயகன்ற சட்டி மாதிரி பெயர்ந்து அதோடு வந்தது. தகரம் போன பிறகு மழை உள்ளே இறங்கிச் சுவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. கூரை போனால் வீடு போகும். அதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம்.

என் கொழுந்தன், அவருடைய தம்பி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவன். கப்பல்காரர்கள் கழித்துப் போட்ட கட்டைவிரல் தடிமன் கயிறுகளைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான். "அண்ணி, இது கப்பலயே கட்டுற கயிறு. ஒன் வூடு இன்னா, ஊரயே கட்டலாம்."

"கயிறு அறாதுடா. எதுல கட்டுவ?" என்றார் அவர் கட்டிலிலிருந்து.

அதுதான் கேள்வி. இடுப்பளவு குழி தோண்டி, பனங்கட்டையைக் குறுக்காகப் படுக்கப் போட்டு, நடுவில் கயிற்றைக் கட்டி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதித்து மூட வேண்டும் என்றார். அவ்வளவு ஆழத்தில் கிடந்தால், மேலே இருக்கிற மண் முழுவதும் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். கூரை அந்த மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

நானும் மகளும் வீட்டு முன்பக்கம் தோண்டினோம். முழங்காலுக்கு வந்ததும் தண்ணீர். இறைத்தோம். இறைக்க இறைக்க ஓரம் சரிந்தது. வேறு இடம் பார்த்தோம். அங்கேயும் தண்ணீர். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். வடகிழக்கே வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது. காற்று இன்னும் வரவில்லை.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றான் கொழுந்தன். "ஏரில நடுற மாதிரி கம்ப ஆட்டி எறக்கிட்டாப் போச்சு. குழியே வேணாம்."

எங்களுக்கு ஏன் அது முதலிலேயே தோன்றவில்லை என்று ஆகிவிட்டது. வலைக்காரர்களுக்காக வைத்திருந்த சவுக்குக் கம்புகள் வீட்டோரம் கிடந்தன. குழிகளில் தண்ணீர் நின்று மண் இளகித்தான் இருந்தது. கொழுந்தனும் மகளும் ஆட்ட ஆட்ட, கம்பு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நெஞ்சளவு. முழங்கால் ஆழத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு நெஞ்சளவு என்றால் சும்மாவா. மகள் அழுகையை மறந்து சிரித்தாள். வரிசையாக நட்டார்கள். கொழுந்தன் கயிற்றைக் கூரை மேல் வீசினான்.

அவர் பின்வாசலைப் பார்த்துப் படுத்திருந்ததால் முன்பக்கம் நடந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னிக்கு நட்டுட்டு இன்னிக்கே கட்டுறீங்களா?"

"நெஞ்சளவு எறங்கிக்கீது."

"எவ்ளோ எறங்குனா இன்னா. நீ போயி ஒரு கம்பக் கட்டிப் புடிச்சி மேல தூக்கு."

போனேன். கம்பைக் கட்டிப்பிடித்தேன். தூக்கினேன். நான் அறுபது தாண்டியவள். கூழ்ப் பானையில் நிற்கும் அகப்பை மாதிரி கம்பு என் கையோடு வந்துவிட்டது. நெஞ்சளவு முழுவதும், சத்தமில்லாமல். அது நின்ற ஓட்டையில் தண்ணீர் மேலே வந்து எட்டிப் பார்த்தது. கொழுந்தன் கயிற்று முனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஏரியில் நட்ட கம்பை நீரோட்டம் பக்கவாட்டில்தான் தள்ளும். காற்று கூரையை மேலே தூக்கும். அதுவும் நாங்கள் நட்டவை உறங்காத சேற்றில் நிற்கும் கம்புகள். கம்பு நட்டே பிழைத்த குடும்பம் நாங்கள், எங்களுக்குத்தான் இப்படி ஒரு மறதி வந்தது. வேறு யாராவது இருந்திருந்தால் இந்தக் கம்பு யோசனையே வந்திருக்காது.

காற்று அப்போதுதான் முதல் தடவையாகத் தகரத்தைத் தட்டியது.

"பழைய கம்பு ஒண்ணு கீதே" என்றார் அவர். வீடு கட்டின வருஷம் துணி காயக் கொடி கட்டுவதற்காக அவர் பின்பக்கம் நட்ட கம்பு. அது இப்போது தண்ணீர் ஓரத்தில் நின்றது. அத்தனை வருஷமாகச் சேறு அதைப் பிடித்து வைத்திருந்தது. கொழுந்தன் போய்த் தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தான். அசையவில்லை. கூரையின் பின்பக்கத்துக் கயிறுகள் எல்லாவற்றையும் அதில் கட்டினோம்.

முன்பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆழம் கிடைக்காது என்றால் பாரத்தை மேலே ஏற்றுவோம் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான், அன்றைக்கும் யாரும் எதிர்க்கவில்லை. கம்பு நடாமல் விட்ட ஒரு பக்கமாக முழங்கால் ஆழத்தில் நீளமாக ஒரு குழி வெட்டி, பனங்கட்டையைப் படுக்கப் போட்டு, கயிறுகளைக் கட்டி, மண்ணைத் தள்ளி மிதித்தோம். அதன் மேல் அரிசிச் சாக்குகளில் ஈர மணலை நிரப்பி அடுக்கினோம். சாக்கு தீர்ந்ததும் அம்மிக்கல், குழவி, உரல், துவைக்கிற கல் எல்லாம் போனது.

"நீயும் மேல குந்திக்கோ அண்ணி, புயலு வந்த வழியே திரும்பிப் பூடும்" என்றான் கொழுந்தன்.

"ஒங்கண்ணனத் தூக்குடா மொதல்ல" என்றேன்.

கட்டிலோடு அவரைத் தெரு வரை தூக்கிப் போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார் சாதம் கொடுத்தார்கள். ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. அவர் கண்ணை மூடவில்லை, நானும் மூடவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு நான் முன்னால் போனேன். தெரு முனையிலேயே தகரம் தெரிந்தது. எங்கள் கூரை. அந்த வரிசையில் நின்ற ஒரே கூரை. ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. முன்பக்கத்துச் சாக்குகளில் பாதி கிழிந்து மணல் கரைந்திருந்தது. உரல் சாய்ந்து கிடந்தது. கட்டை எழும்பவில்லை. உள்ளே நுழைந்தேன்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது. பின்சுவர் இல்லை.

ஏரி மேலே எதையும் தொடவில்லை. கீழே நுழைந்து, கொத்தனார் பரப்பிய முழங்கால் ஆழத்துக் கல்லுக்கு அடியிலிருந்த மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. சுவர் உடையாமல் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து தண்ணீரில் மல்லாந்து கிடந்தது. பக்கச் சுவரின் அஸ்திவாரக் கல் வரிசை கொஞ்ச தூரத்துக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் அடியில் கையை விட்டேன். தோள் வரைக்கும் உள்ளே போனது. தண்ணீரைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் அன்றைக்குக் குப்புறப் படுத்துத் தடவிவிட்டுச் சொன்ன "பத்தாது" என்ற சொல் அந்த இடத்தில் எனக்குக் கேட்டது.

பழைய கம்பு மட்டும் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கயிறுகள் விறைப்பாக இருந்தன. சுவர் இருந்தபோது கூரையைப் பிடித்து வைத்த கயிறு, இப்போது அடியில் சுவர் இல்லாத கூரையை ஏரிக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பின்பக்கத்துத் தகரம் வளைந்து முனகியது. நான் கத்தினேன். கொழுந்தன் வந்து கயிற்றைத் தளர்த்தி, நேற்று நட்ட சவுக்குக் கம்புகளையே பிடுங்கி எடுத்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தான். அடியில் துவைக்கிற கல்லையும் அம்மியையும் வைத்தோம், கம்பு மண்ணில் இறங்காமல் இருக்க.

அன்றே, விழுந்த வீடுகளைக் கணக்கெடுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயது. மரியாதையான பையன்தான். முன்வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "ஆயா, வீடு விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

"விழல" என்றேன்.

அவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஏரி தெரிந்தது. "பின்சுவர் இல்லையே ஆயா."

"காத்தோட்டமா கீது. நிக்குதா இல்லியா, அதச் சொல்லு."

"விழுந்துச்சுன்னு சொன்னீங்கன்னா மனைக்கு எழுதலாம். நிக்குதுன்னா ஒண்ணும் எழுத முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"நிக்குது."

அவர் என்னைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் திரும்ப வருவேன். அப்பவும் நின்னா நிக்குதுன்னே வெச்சுக்கறேன். சாஞ்சா நானே எழுதிடுவேன். உள்ள படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பையன் தெருமுனை திரும்பும் வரை பொறுத்தாள்.

"செவுரு இல்லாத வூட்ட நிக்குதுன்னு சொல்றியேம்மா, ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? நைனாவ எங்கப் படுக்க வெப்ப?"

"முன்பக்கம்."

"எனக்குப் பயமாக்கீதுமா. எனக்கு அந்த மனை போதும். கொழாத் தண்ணி போதும்."

"நீ போ."

"ஒங்க ரெண்டு பேரயும் வுட்டுட்டு நான் எங்கப் போவேன்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அந்தப் பையனைக் கூப்பிட்டு விழுந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரரைக் கொண்டுவந்து முன்பக்கம் படுக்க வைத்தோம். அவர் முதலில் கேட்டது, "கம்பு நிக்குதா?"

"நிக்குது. செவுருதான் இல்ல."

"செவுரு இருந்த எடத்துல நெருக்கமா கம்பு நடு. நெஞ்சளவு. நட்டுட்டுத் தொடாத. ஒறங்கட்டும். அப்பறம் உள்பக்கம் மணல் மூட்டையப் போடு" என்றார். "எங்க அடி கெட்டியாக்கீதுன்னு நீயே தடவிப் பாரு. ஒனக்குத் தெரியும்." கல்யாணமான நாளிலிருந்து தன் வேலையில் அவர் என் கையை நம்பியது அதுதான் முதல் தடவை.

பறி இல்லாமல் தண்ணீரில் மண்டியிட்டேன். பல்லில் கடிக்க ஒன்றுமில்லாமல் வாய் என்னவோ போல இருந்தது. சுவர் நின்ற கோட்டில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவினேன். புயல் கலக்கிய சேறு, எங்கே கை வைத்தாலும் விழுங்கியது. முழங்கை, தோள், கன்னம் தண்ணீரில் படும் வரை கையை விட்டேன். ஓர் இடத்தில் விரல் நுனிக்குச் சட்டியின் விளிம்பு போல ஒன்று தட்டுப்பட்டது. "இங்க" என்றேன். மகள் கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கட்டிப்பிடித்து ஆட்ட ஆரம்பித்தாள்.

அப்படித்தான் வரிசை முழுவதும் நட்டோம். அது முடிந்த மறுநாள் டீக்கடை டிவியில் கடலில் இன்னொரு தாழ்வு நிலை இருக்கிறது என்றார்கள். எங்கே போகும் என்று இன்னும் தெரியவில்லையாம். கார்த்திகை மாதம் முடியவில்லை. அந்தப் பையன் திரும்ப வருவதாகச் சொன்ன நாளும் இன்னும் வரவில்லை.

கம்பைத் தொடாதே என்றுதான் அவர் சொன்னார். ஆனால் விடிந்ததும் எனக்குக் கால் அங்கேதான் போகிறது. அவருக்குத் தெரியாமல் இறங்கி, ஓரத்துக் கம்பு ஒன்றை மட்டும் கட்டிப்பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்க்கிறேன். முதல் நாள் ஒரு சாண் வந்தது. திரும்ப அழுத்தி வைத்தேன். அடுத்த நாள் நாலு விரல்.

இன்று காலை வாடைக் காற்று திரும்பியிருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தது. கன்னத்தைக் கம்பில் வைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். நகர்ந்தது. ஒரு விரல் அளவுதான், ஆனால் நகர்ந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "ஏமே, தொடாத. ஒறங்கட்டும் வுடு."

கையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் அங்கேயே நின்றேன்.